தேவகியின் ஏக்கமும் பெற்றோர் தர்மமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

போளூர் சம்பத்கிரியின் படிகளில் ஏறிவரும் ஆஸ்திகப் பெருமக்களில் பெரும்பாலோர் குழந்தைகளுடன் வருகின்றனர். சிலர் குழந்தையைத் தோளில் சுமந்து ஏறுகின்றனர். சிலர் கைப்பிடித்து நடத்துகின்றனர். வேறு சிலர் வளர்ந்த மக்கள் முன்னே செல்ல, மூச்சு வாங்கிக்கொண்டு பின்னே வருகின்றனர். மலைமேல் எழுந்தருளியிருக்கும் ஸ்ரீ லக்ஷ்மீ நரஸிம்ஹனோ, ஒரு தந்தைக்கும் மகனுக்கும் நடுவில் தோன்றிய எம்பெருமான். மற்ற அவதாரங்களுக்குத் தேவர்களின் முறையீடும் பூமியின் பாரமும் காரணமாகச் சொல்லப்படும். இந்த அவதாரத்துக்கு உடனே காரணமானது, ஐந்து வயதுப் பாலகன் ஒருவன் தன்னைப் பெற்றவனாலேயே துன்புறுத்தப்பட்ட செயலாகும். ஆகவே பெற்றோர்க்கும் மக்களுக்கும் உள்ள உறவைப் பற்றிச் சிந்திப்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஸந்நிதி வேறொன்றில்லை.

மக்களை வளர்த்து ஆளாக்கிய பெரியோர்களிடம் பேசிப் பார்த்தால், ஒரு வாக்கியம் ஏதோ ஒரு வடிவில் வெளிப்பட்டே தீரும். “இவன் சிறுவனாயிருந்த காலத்திலேயே இது எனக்குத் தெரிந்திருந்தால்!” என்பதே அது. அடித்திருக்க வேண்டாம் என்பார் ஒருவர். அடக்கியிருக்க வேண்டும் என்பார் மற்றொருவர். படிக்க வைத்திருக்கலாம் என்று ஒரு தாய் வருந்துவாள். படிப்பு படிப்பு என்று அவன் உயிரை வாங்காமல் இருந்திருக்கலாம் என்று இன்னொரு தாய் வருந்துவாள். இந்த வருத்தம் வீண்தானா? அறியாமல் செய்ததற்குப் பெற்றோர் பொறுப்பாளிகளா? போன காலத்தை மீட்க வழியுண்டா? இவை ஆராய வேண்டிய கேள்விகள்.

பெற்றோரின் இந்த ஏக்கத்தைக் குலசேகரப் பெருமாள் போல் பேசினவர் எவருமில்லை. சேர நாட்டை ஆண்ட அரசராகிய அவர் அருளிச்செய்த பெருமாள் திருமொழியில் பத்துத் திருமொழிகள் உள்ளன. அவற்றில் ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது ஆகிய மூன்றும் தொடர்ந்து பெற்றோரின் நெஞ்சமாகவே அமைந்தவை. ஏழாவதில் தேவகிப்பிராட்டியாராகத் தம்மை பாவித்துக்கொண்டு, கண்ணனைப் பெற்றும் அவன் பிள்ளைப் பருவத்தைக் காணப்பெறாத துக்கத்தைப் பேசுகிறார். எட்டாவதில் கௌஸல்யையாராய் நின்று, திருக்கண்ணபுரத்து எம்பெருமானை ஸ்ரீராமனாகவே கண்டு தாலாட்டுகிறார். ஒன்பதாவதில் தசரதச் சக்கரவர்த்தியாய் நின்று, மகனைக் காட்டுக்கு அனுப்பிவிட்டுப் புலம்புகிறார். தாலாட்டப் பெறாத தாய் ஒருபுறம், தாலாட்டியும் தம் வாக்கினாலேயே இழந்த தந்தை மறுபுறம், நடுவே தாலாட்டு. இந்த அடைவைச் சிந்தித்தால், தாலாட்டும் காலம் எவ்வளவு குறுகியது என்பது தானே விளங்கும்.

தேவகிக்கு என்ன குறை? அவள் மகன் கம்ஸனை வென்றான், பெற்றோரைச் சிறையிலிருந்து மீட்டான், த்வாரகையை நிர்மாணித்தான். பிள்ளை நன்றாக இருக்கிறான், பேரும் புகழும் பெற்றிருக்கிறான், அதற்குமேல் என்ன வேண்டும் என்று உலகம் கேட்கும். ஆனால் ஆழ்வார் அறிந்த தேவகி அந்தப் பெருமையால் ஆறுதல் அடையவில்லை. அவன் தவழ்ந்ததை அவள் காணவில்லை. அவன் உண்டு சிதறிய சோற்றை அவள் எடுக்கவில்லை. ‘உன் தந்தை யார்?’ என்று ஆய்ச்சியர் விளையாட்டாகக் கேட்டபோது, குழந்தை நந்தகோபனைக் கடைக்கண்ணால் காட்டினானே அன்றி வஸுதேவரைக் காட்டவில்லை. அந்தப் பாக்கியம் யசோதைக்கும் நந்தனுக்கும் போயிற்று. பின்னால் வந்த எந்தப் பெருமையும் முன்னால் போன அந்த நாட்களுக்கு ஈடாகவில்லை.

இந்த இழப்பு எதனால் நேர்ந்தது? ஸ்ரீமத் பாகவதத்தின் தசம ஸ்கந்தம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. திருமணம் முடிந்து தேர் ஏறிச் செல்லும் வழியில் அசரீரி ஒலித்தது. கம்ஸன் தங்கையின் கூந்தலைப் பற்றி வாளை ஓங்கினான். அப்போது வஸுதேவர் நயமொழிகள் பலவும் சொல்லிப் பார்த்தார். அவன் கேளாதபோது, இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளை எல்லாம் கொண்டுவந்து ஒப்படைப்பதாக வாக்களித்தார். கண்ணெதிரே இருக்கும் ஆபத்தை இப்போது தடுப்போம். பின்னால் வருவது பின்னால் என்று எண்ணினார். அவரைக் குறை சொல்ல எவருக்கு வாய் வரும்? ஆயினும் நடந்தது என்ன? பிறவாத பிள்ளைகள், பெற்றோரின் இக்கட்டுக்காக முன்கூட்டியே ஈடு வைக்கப்பட்டார்கள். முதற் பிள்ளை கீர்த்திமான் பிறந்ததும், சொன்ன சொல் தவறாமல் வஸுதேவர் அவனைக் கம்ஸனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

இது ஏதோ துவாபர யுகத்துக் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். போளூரிலும் அதை அடுத்த ஆரணி வட்டாரத்திலும் வாழ்பவர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். பட்டுப்புடவையில் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்யும் கோர்வை வேலைக்கு ஒரு நெசவாளியின் கை போதாது. உடலுக்கு ஒரு நாடாவும், இரு கரைகளுக்கும் இரு நாடாக்களுமாக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஆகையால் தறியின் ஓரத்தில் உதவிக்கு ஓர் ஆள் அமர வேண்டும். நெடுங்காலமாக அந்த இடத்தில் அமர்ந்தது பெரும்பாலும் ஒரு குழந்தை. தார் சுற்றுவதும், அறுந்த இழையை முடிவதும், கரை நாடாவைத் தள்ளிக் கொடுப்பதும் அதன் வேலை. சொந்த வீட்டுத் தறியில் அமர்ந்த குழந்தைகளும் உண்டு. நோய்க்கோ, கலியாணத்துக்கோ, பஞ்ச காலத்து அரிசிக்கோ வாங்கிய முன்பணத்துக்காகப் பிறர் வீட்டுத் தறியில் அமர்ந்த குழந்தைகளும் உண்டு. பணம் தீரும்வரை குழந்தை வர வேண்டும், கூலியோ சிறிது, கடனோ தீராது.

இந்த வழக்கத்தைத் தடுக்கச் சட்டங்கள் பல வந்தன. குழந்தையின் உழைப்பை ஈடு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1933ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. கொத்தடிமை முறை 1976இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. ஆயினும் குடும்பத்தார் தாமே நடத்தும் பட்டறைக்கு அதில் விலக்கு இருந்தது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கல்வியை உரிமையாக்கிய 2009ஆம் ஆண்டுச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. 2016இல் செய்த திருத்தம், பதினான்கு வயதுக்குட்பட்டவரை எவ்விதத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்றது. ஆனால் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக எஞ்சிய நேரத்தில் உதவி செய்வதை அனுமதித்தது. சட்டம் இவ்வளவு தூரம் வந்து வீட்டு வாசற்படியில் நின்றுவிடுகிறது. வாசற்படிக்கு உள்ளே குழந்தையைக் காப்பது பெற்றோரின் நெஞ்சம் ஒன்றே.

இனி அந்த நெசவாளியைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். முன்பணம் வாங்கியவன் பிள்ளையிடம் அன்பில்லாதவன் அல்லன். அன்று வீட்டில் ஒருவர் உயிருக்குப் போராடியிருக்கலாம். வஸுதேவரைப் போலவே அவனும் கண்ணெதிரே ஓங்கிய வாளைத் தடுத்தான். முப்பது ஆண்டுகள் கழிந்து, கையெழுத்துப் போடத் தெரியாமல் வங்கி வாசலில் தயங்கி நிற்கும் மகனைக் காணும்போது, அவனுக்குள் எழும் வேதனையைத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நாம் அல்லோம். வாளை ஓங்கியவன் கம்ஸன். அந்தப் பாவத்தை வஸுதேவர் தலையில் ஏற்றுவது நியாயமன்று. வறுமையையும் கடனையும் பயன்படுத்திக் குழந்தையின் கையை வாங்கிக்கொண்டவன், தருமத்தின் முன் முதற் குற்றவாளி.

ஆனால் பாகவதம் இத்துடன் நிற்கவில்லை. எட்டாவது குழந்தை பிறந்தபோது வஸுதேவர் என்ன செய்தார்? வாக்கைக் காத்தாரா? இல்லை. எம்பெருமானின் நியமனப்படியே, தளைகள் தாமே கழல, கதவுகள் தாமே திறக்க, யமுனை வழிவிட, குழந்தையைக் கோகுலத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஸத்யமே உருவான வஸுதேவர் அந்த வாக்கை மீறுவதற்கு எம்பெருமானே துணை நின்றான். இதிலிருந்து ஒரு தருமம் தெளிவாகிறது. தன் உடைமையை ஒருவன் ஈடு வைக்கலாம். தன் உடலுழைப்பை ஈடு வைக்கலாம். பிறிதோர் ஆத்மாவை ஈடு வைக்க எவனுக்கும் அதிகாரமில்லை. அதிகாரமில்லாத வாக்கு வாக்காகாது. 1933இல் சட்டம் சொன்னதும் இதுவே.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழும். தசரதச் சக்கரவர்த்தி தம் வாக்கைக் காத்தாரே; அதனாலன்றோ ஸ்ரீராமாயணம் பிறந்தது என்பர் சிலர். உண்மைதான். ஆனால் அங்கே மகன் தானே முன்வந்து தந்தையின் ஸத்யத்தைத் தன் தலையில் ஏற்றான். அது மகனின் பெருமை, தந்தையின் உரிமையன்று. அந்தத் தந்தையோ மகன் போனபின் ஆறு நாட்கள்கூட உயிர் தரிக்கவில்லை. அவர் கடைசி இரவில் என்ன நினைத்தார்? இளமையில், நீர் முகக்கும் ஓசையை யானையின் ஓசை என்று மயங்கி, முனிகுமாரன் ஒருவனை அம்பெய்து கொன்றதையும், கண்ணில்லாத அவன் பெற்றோர் இட்ட சாபத்தையும் கௌஸல்யையிடம் சொல்லி அழுதார். பிறர் பிள்ளைக்கு நேர்ந்தது தம் பிள்ளையின் பிரிவாய்த் திரும்பி வந்ததை அப்போதுதான் உணர்ந்தார்.

மேலும் கைகேயிக்கு அவர் கொடுத்த இரு வரங்கள் எந்த நிலையில் கொடுக்கப்பட்டவை? போர்க்களத்தில் உயிர் பிழைத்த மகிழ்ச்சியில் கொடுக்கப்பட்டவை. வஸுதேவர் பயத்தில் வாக்களித்தார். தசரதர் உவகையில் வாக்களித்தார். இரண்டு வாக்குகளும் பிள்ளைகளின் தலையிலேயே விடிந்தன. பெற்றோர் மக்களை ஈடு வைப்பது இவ்விரண்டு நிலைகளில்தான். பயத்தில் ஈடு வைப்பவர் ஏழைகள் என்றால், உவகையில் ஈடு வைப்பவர் வசதி படைத்தவர். குழந்தை பிறந்த அன்றே ‘இவன் வைத்தியனாவான்’, ‘இவன் கலெக்டர் ஆவான்’ என்று உற்றார் நடுவே சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சொல்லைக் காப்பாற்றும் பாரம் குழந்தையின் முதுகில் ஏறுகிறது. மதிப்பெண் குறைந்தால் அந்த வீட்டில் சோறு இறங்குவதில்லை. தறியின் ஓரத்தில் அமர்ந்த குழந்தைக்கும், நள்ளிரவில் புத்தகத்தின் முன் கண்ணயரும் குழந்தைக்கும் வேற்றுமை பல உண்டு. ஆயினும் இருவரும் பிறர் பட்ட கடனைத் தீர்க்கிறார்கள் என்பதில் வேற்றுமையில்லை.

இனி நம் ஸந்நிதிக்குரிய சரித்திரத்துக்கு வருவோம். ஹிரண்யகசிபு பிள்ளையிடம் பிரியமில்லாதவனா? பாகவதம் அப்படிச் சொல்லவில்லை. சுக்ராசாரியரின் புதல்வர்களாகிய சண்டாமர்க்கர்களிடம் பிள்ளையைப் படிக்க வைத்தான். பிள்ளை வந்ததும் மடியில் அமர்த்திக்கொண்டு, ‘நீ கற்றவற்றில் எது நன்று என்று நினைக்கிறாய்?’ என்று கேட்டான். எத்தனை தந்தையர் இப்படிக் கேட்கிறார்கள்? எத்தனை மதிப்பெண் என்று கேட்பார்களே அன்றி, உனக்கு எது நன்றாய்த் தோன்றுகிறது என்று கேட்பார் அரியர். அந்த அளவில் அசுர ராஜன் நல்ல தந்தையே. அவன் குற்றம் கேட்டதில் இல்லை. பதிலைப் பொறுக்க மாட்டாமையில் இருந்தது. ஸ்ரீஹரியை அடைவதே நன்று என்று பிள்ளை சொன்னவுடன், இது ஆசிரியர் கெடுத்த கேடு என்று சினந்தான். பிள்ளைக்கு ஒரு நெஞ்சம் உண்டு, அதில் தான் நுழைய முடியாத ஓரிடமும் உண்டு என்பதை அவனால் ஏற்க முடியவில்லை. மடியிலிருந்து தரையில் தள்ளினான். அங்கிருந்து கொலை வரை சென்றான். கேள்வி கேட்பது எளிது. எதிர்பாராத பதிலைக் கேட்டும் பிள்ளையை மடியிலேயே வைத்திருப்பதுதான் அரிது.

இதற்கு நேர்மாறான குற்றம் த்ருதராஷ்டிரனுடையது. அவன் மகனை ஒருநாளும் தள்ளவில்லை. விதுரர் இடித்துரைத்தபோதெல்லாம் ‘உண்மைதான், ஆனால் மகன் கேட்கமாட்டான்’ என்று மழுப்பினான். சூதாட்ட மண்டபத்தில் அடுத்தவர் பொருள் பறிபோகும்போது, ‘நம்மவன் வென்றானா’ என்று மகிழ்ச்சியை மறைக்க மாட்டாமல் கேட்டான். முடிவில் நூறு பிள்ளைகளையும் இழந்து, பீமனென்று எண்ணி இரும்புப் பதுமையைத் தழுவி நொறுக்கினான். மகனைத் திருத்தத் துணியாத கைகள், எல்லாம் முடிந்த பிறகு வலிமை காட்டின. ஒருவன் பிள்ளையைத் தன் நிழலாக்கப் பார்த்தான். மற்றொருவன் தானே பிள்ளையின் நிழலாகிவிட்டான். இருவரும் பிள்ளையைப் பிள்ளையாகக் காணவில்லை.

இந்தக் குற்றங்களுக்கெல்லாம் வேர் ஒன்றே. ‘என் பிள்ளை’ என்னும் சொல்லில் உள்ள ‘என்’ என்பதே அது. ஆத்மாக்கள் யாவும் எம்பெருமானுக்கே சேஷபூதம் என்பது நம் ஸித்தாந்தம். அப்படியிருக்க, குழந்தை எம்பெருமானுடைய சொத்து. பெற்றோர் அதன் சொந்தக்காரர் அல்லர். கோயில் திருவாபரணத்தைப் பாதுகாக்கும் தர்மகர்த்தாவை எண்ணிப் பார்க்கலாம். அவர் அதைப் பூட்டிக் காக்கிறார், துடைத்து வைக்கிறார், உத்ஸவ காலத்தில் எடுத்துச் சாற்றக் கொடுக்கிறார். தம் வீட்டுக் கலியாணத்துக்கு அணிய மாட்டார். தம் கடனுக்கு அடகு வைக்கமாட்டார். கெட்டுப் போகட்டும் என்று விட்டுவிடவும் மாட்டார். கணக்குக் காட்டும் நாள் ஒன்று உண்டு என்பதை அவர் அறிவார். பெற்றோரின் நிலையும் இதுவே. தனக்குச் சொந்தம் என்று எண்ணியவன் ஹிரண்யகசிபுவாகிறான்; தனக்குப் பொறுப்பில்லை என்று எண்ணியவன் த்ருதராஷ்டிரனாகிறான். ஒப்படைக்கப்பட்டது என்று எண்ணியவனே பெற்றோர் தர்மத்தை அறிந்தவன்.

அப்படியானால், இதை அறியாமல் காலத்தைக் கழித்துவிட்ட பெற்றோர்க்கு என்ன கதி? அனுதாபம், அதாவது செய்ததற்கு உள்ளம் நைதல், ப்ராயச்சித்தத்தின் முதற்படி என்று சாஸ்த்ரம் சொல்லும். ஆனால் முதற்படியிலேயே உட்கார்ந்துவிடுவது மலையேறுதல் ஆகாது. சிலர் தம் வருத்தத்தையே மக்கள்மேல் ஒரு புதிய பாரமாக ஏற்றுகின்றனர். பார்க்கும்போதெல்லாம் அழுது, ‘நான் பாவி’ என்று சொல்லிச் சொல்லி, ஆறுதல் கூறும் வேலையையும் பிள்ளையிடமே தருகின்றனர். வேறு சிலர், ‘அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். முதல்வர் வருத்தத்தைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறார். அடுத்தவர் அதைத் தம்மிடமே மறைத்துவிடுகிறார். ‘அன்று உனக்குச் செய்தது தவறு; தெரியாமல் செய்தேன்; இன்று தெரிகிறது’ என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டு, பிறகு பேரக்குழந்தையின் பக்கத்தில் அமைதியாய் அமர்வது மேலானது. இந்தச் சொல்லைக் கேட்க நாற்பது வயது மகன் காத்திருக்கக்கூடும் என்பதைப் பல தந்தையர் அறிவதில்லை.

பிள்ளைகள் மன்னிப்பார்களா என்று சந்தேகிக்க வேண்டியதில்லை. தூணிலிருந்து தோன்றிய பெருமான், வேண்டிய வரம் கேள் என்று ப்ரஹ்லாதனிடம் சொன்னபோது, அந்தப் பாலகன் தனக்கென்று ஆசைகளே முளையாத நெஞ்சத்தை வேண்டினான். அதன்பின் அவன் கேட்டது, தன்னை நஞ்சூட்டியும் மலையிலிருந்து உருட்டியும் துன்புறுத்திய தந்தை தூய்மை பெற வேண்டும் என்பதே. உன்னைப் பெற்றதனாலேயே அவன் இருபத்தொரு தலைமுறையோடும் தூய்மை பெற்றான் என்று பெருமான் அருளி, தந்தைக்குரிய ஈமக்கடன்களைச் செய்யுமாறு பணித்தான். தந்தை மகனை விட்டான். மகன் தந்தையை விடவில்லை.

தேவகியின் கதையும் புலம்பலோடு முடியவில்லை. பல்லாண்டுகள் கழித்து அவள், ஸாந்தீபினியின் இறந்த பிள்ளையைக் கண்ணன் மீட்டுக் கொடுத்ததைக் கேட்டு, கம்ஸன் கொன்ற தன் ஆறு பிள்ளைகளையும் காண வேண்டும் என்று கேட்டாள். கண்ணனும் பலராமனும் ஸுதல லோகம் சென்று, ப்ரஹ்லாதனின் பேரனாகிய மஹாபலியிடமிருந்து அவர்களை அழைத்து வந்தனர். அந்த அறுவரும் ஒரு பிறவியில் ஹிரண்யகசிபுவுக்கே மக்களாய்ப் பிறந்தவர்கள் என்று பாகவதம் கூறுகிறது. தேவகி அவர்களை மடியில் வைத்துப் பாலூட்டினாள். அவர்கள் சாபம் நீங்கி, எல்லோரையும் வணங்கி, விண்ணுலகம் சென்றனர். போன ஆண்டுகள் அவளுக்குத் திரும்பவில்லை. ஒரு நாழிகைதான் கிடைத்தது. அந்த ஒரு நாழிகையை அவள் கேள்வி கேட்பதிலோ அழுவதிலோ கழிக்கவில்லை, பாலூட்டுவதில் கழித்தாள்.

இந்த உத்ஸவத்துக்கு எழுந்தருளியுள்ள இளம் பெற்றோர், தோளில் குழந்தை கனக்கும்போது இதை நினைவில் கொள்வார்களாக. இன்னும் சில ஆண்டுகளில் அது தோளில் ஏறாது. வளர்ந்த மக்களையுடைய பெரியோர், எஞ்சியுள்ள நாழிகையை ஏங்குவதில் போக்காமல் கொடுப்பதில் போக்குவார்களாக. குழந்தையின் உழைப்பை நம்பித் தொழில் நடத்துவோர் எவரேனும் இருப்பின், நரஸிம்ஹன் தூணுக்குள்ளும் இருக்கிறான் என்பதை மறவாதிருப்பார்களாக. அவன் தறியின் கட்டைக்குள்ளும் இருப்பவனே. மலைமேல் தாயாரோடு எழுந்தருளியிருக்கும் பெருமான், பெற்றோர்க்குப் பொறுமையையும், மக்களுக்கு மன்னிக்கும் நெஞ்சத்தையும் அருள்வானாக.

ஸ்ரீ லக்ஷ்மீ நரஸிம்ஹன் திருவடிகளே சரணம்.